எழுத வேண்டாம் என்று அக்கா சொன்ன இடம்

கொல்லிமலையில் நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் காலையில் ஒரு பெண் என் உள்ளங்கையில் ஈரமண் போல ஒன்றை வைத்து, "மோந்து பாருங்க அம்மிணி" என்றார். முகர்ந்தேன். புளித்த பழவாசம், அதற்கு அடியில் வேறொரு நாற்றம். மரநாயின் எச்சம் அது என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் பாறையோரமாக ஓடிப்போய், காலையில் தின்ற இட்லி முழுவதையும் வாந்தி எடுத்தேன். அவர் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். என் கையிலிருந்து விழுந்த எச்சத்தைப் பொறுக்கித் தன் கூடையில் சேர்த்துக்கொண்டார்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் அது. தாவரவியலில் முதுகலை முடித்துவிட்டு ஒரு வருஷமாக வீட்டில் சும்மா இருந்தேன். எங்கள் ஊர் மலையடிவாரத்தில் முள்ளுக்குறிச்சி. அப்பாவுக்குக் குச்சிக்கிழங்கு வெள்ளாமை. கிழங்கு பிடுங்கும் சமயத்தில் லாரி லாரியாக ஜவ்வரிசி ஆலைக்குப் போகும். அந்த ஆலைகளின் கழிவுத்தண்ணீர் வீச்சத்திலேயே பள்ளிக்கூடம் போய் வந்தவள் நான். எனக்கு எதைப் பார்த்தாலும் குமட்டாது என்று ஒரு நினைப்பு இருந்தது. மலைமேல் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் திட்டத்துக்குக் களப்பணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் எழுதிப் போட்டேன். உடனே வரச் சொல்லிவிட்டார்கள். மலைமேல் தங்கி வேலை பார்க்க வேறு யாரும் சம்மதிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு; அப்படித் திருப்புலி நாட்டில் ஒரு சிற்றூருக்குப் பக்கத்திலிருந்த மலைச்சரிவுதான் எங்கள் களம். ஒருகாலத்தில் காடாக இருந்து, மரம் வெட்டப்பட்டு, வருஷக்கணக்கில் கிழங்கு போட்டு, மண்ணெல்லாம் மழையில் வழிந்து போய், எலும்பு தெரிகிற மாதிரி கல் துருத்திக்கொண்டு நின்ற சரிவு. அதன் அடியில் ஓர் ஊற்று. ஊரே அந்தத் தண்ணீரைத்தான் குடித்தது. மாசி பிறந்தால் ஊற்று வற்றிவிடும். பிறகு பெண்கள் குடத்தோடு அடுத்த பள்ளத்துக்கு நடக்க வேண்டும். மேலே காடு வந்தால் கீழே தண்ணீர் நிற்கும் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அதனால்தான் தங்கள் பொதுநிலத்தை ஆராய்ச்சிக்கு விட்டுக்கொடுத்தார்கள். அவர்களுக்கு வேண்டியது தண்ணீர். எங்களுக்கு வேண்டியது கட்டுரை. இதை அன்றைக்கே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

திட்டத்தின் தலைவர் ஒரு பேராசிரியர். நகரத்திலிருந்து மாதம் ஒருமுறை ஜீப்பில் வருவார். சரிவை மூன்றாகப் பிரித்துக் கயிறு கட்டச் சொன்னார். முதல் துண்டில் இருக்கிற புதரையெல்லாம் வேரோடு பிடுங்கிவிட்டு, நாற்றங்காலில் வளர்த்த செடிகளை வரிசையாக நடுவது. இரண்டாவது துண்டில் வேலி போட்டுச் சும்மா விடுவது. மூன்றாவதில் மலைக்காரர்கள் சொல்கிறபடி செய்வது. எது நன்றாக வருகிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி.

மலைக்காரர்கள் என்று திட்டத்தில் பன்மையில் எழுதியிருந்தாலும், எங்களுக்கு வழி சொல்ல ஊர் அனுப்பியது ஒரே ஒருவரைத்தான். என் கையில் எச்சத்தை வைத்த அந்த அக்காவை. முப்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த உடம்பு. வாயில் எப்போதும் வெற்றிலை. வீட்டுக்காரர் மிளகு பறிக்க மரம் ஏறுகிறவர். கடுக்காய், நெல்லி, ஈச்சமாறு என்று காட்டில் பொறுக்கிச் சந்தையில் விற்கும் குடும்பம். எந்த மரம் எந்த மாதம் பழுக்கும், அதை எது தின்னும், தின்றது எங்கே போய்க் கழியும் என்பதெல்லாம் அவருக்குப் பிழைப்போடு ஒட்டி வந்த விஷயங்கள்.

"நீங்க நாத்து வளர்த்து நடறீங்க. மரநாயும் கரடியும் நடறதுதானுங்க நிக்கும்" என்றார். "அது வவுத்துல போயிட்டு வந்த வித்துக்கு ரோசம் சாஸ்தி."

அவர் சொன்ன முறையில் முதல் வேலை செடி நடுவது கிடையாது. வெட்டிப்போட்ட முட்கிளைகளைச் சரிவின் குறுக்கே வரப்பு மாதிரி அடுக்கச் சொன்னார். மழையில் இறங்கும் மண் அதில் தங்கும். குருவிகள் வந்து உட்கார்ந்து எச்சமிடும். உண்ணிச்செடியைப் பிடுங்கக் கூடாது என்றார். முதல் துண்டில் நாங்கள் எதிரி மாதிரி பிடுங்கி எறிந்த அதே செடி. "அது கெட்டதுதானுங்க. ஆனா இப்பத்திக்கு வேற நெழலு ஏது? அதும் மடியிலதான் மத்தது முளைக்கோணும். பொறவு மரம் மேல எந்திரிச்சா அதுவே செத்துப்போவும்."

இரண்டாவது வேலை, விதை பொறுக்குவது. நாவலும் ஈச்சையும் பழுக்கிற நாட்களில் காலை வெயில் ஏறுமுன் பாறைகளில் சுற்றுவோம். மரநாய் எப்போதும் மேடான பாறையில்தான் கழிக்கும். கரடி போகிற வழியெல்லாம் போட்டுக்கொண்டே போகும். அது சாணமா கூழா என்று சொல்ல முடியாத ஒரு கருப்புக் குவியல். அதைத் தகரத்தில் அள்ளி, ஓடைத் தண்ணீரில் கையால் பிசைந்து கழுவி, விதையைத் தனியே எடுக்க வேண்டும். செரிக்காத மயிர், வண்டுகளின் ஓடு, எறும்பு, எதன் எலும்போ தெரியாத துணுக்குகள். என் நகக்கண்களில் அது ஏறிக்கொண்டது. முதல் பத்து நாள் சோற்றில் கை வைக்க முடியாமல் ஸ்பூனால் சாப்பிட்டேன். லீவுக்கு ஊருக்குப் போனபோது அப்பா என் கையைப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, இதுக்கா அத்தன வருசம் படிச்சே?" என்று கேட்டார்.

ஆனால் அது ஒரு மாதத்தில் பழகிவிட்டது. தண்ணீரும் சிகைக்காயும் போட்டுத் தேய்த்தால் போகிற நாற்றம் அது.

இரண்டு மழைக்காலமும் ஒரு கடுங்கோடையும் கடந்தன. முதல் துண்டில் வரிசையாக நட்ட செடிகள் பங்குனி வெயிலில் குச்சியாகி, விரலால் தொட்டால் ஒடிந்தன. இரண்டாவது துண்டில் புல் மட்டும் வந்தது. மூன்றாவது துண்டில், உண்ணிப் புதருக்குள் தலையை நுழைத்துப் பார்த்தால் நாவல், கொன்றை, இச்சி, எனக்குப் பெயர் தெரியாத இன்னும் பல, முழங்கால் உயரத்துக்குப் பச்சையாக நின்றன. நான் எண்ணி எழுதிக்கொண்டேன். அக்கா எண்ணவில்லை. ஒவ்வொன்றையும் ஒருதரம் தொட்டுவிட்டுப் போனார்.

பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மாதம் இரண்டு தடவை வந்தார். பேச்சுக்குப் பேச்சு 'பழங்குடி அறிவு' என்றார். அறிவு என்று சொல்லும்போது கைகளை விரிப்பார். ஆனால் கழுவாத விதைகள் இருந்த வாளிப் பக்கம் வரும்போது கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொள்வார். அக்கா கொடுத்த காப்பித் தம்ளரைக் கையில் வாங்கி, அவர் திரும்பிய சமயம் செடிக்கு ஊற்றியதை நான் பார்த்தேன். என்னைத் தனியே அழைத்து, "இந்தம்மாவுக்குத் தெரிஞ்சது எல்லாத்தையும் எழுதிடும்மா. ஒண்ணும் விட்டுப் போகக் கூடாது. உன் பேரும் கட்டுரையில வரும்" என்றார்.

என் பேரும் வரும். அந்த வார்த்தை என்னை என்ன செய்தது என்று இப்போது எழுதவே கூசுகிறது. அன்றிலிருந்து அக்கா வாய் திறந்தாலே என் கை நோட்டை எடுத்தது. அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பேசத் தொடங்குவதற்குள் பேனா மூடியைக் கழற்றிவிடுவேன். அவர் தன் மாமியாரின் பிரசவத்தைப் பற்றிச் சொன்னால், எந்தக் கஷாயம் கொடுத்தார்கள், எந்த வேர் என்றுதான் கேட்டேன். குழந்தை என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. அவர்தான் தானாகச் சொன்னார், செத்துப்போயிற்று என்று. நான் அதை எழுதிக்கொள்ளவில்லை, வேர் பெயரை எழுதிக்கொண்டேன்.

ஊற்றுக்கு நேர்மேலே, நிழலும் ஈரமும் நிற்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒன்றும் சரியாக வரவில்லை. அங்கே ஒரு வகைக் கொடி படர வேண்டும், அது மண்ணைக் கட்டிப்பிடிக்கும் என்றார் அக்கா. அந்தக் கொடியின் பெயரை நான் இங்கேயும் எழுதப் போவதில்லை. அதன் வேரை மருந்துக் கம்பெனிகளுக்கு வாங்கி அனுப்பும் ஆட்கள் மலையைச் சுற்றி வந்து, கிடைத்த இடத்திலெல்லாம் தோண்டித் தீர்த்திருந்தார்கள். மிஞ்சியது ஒரே ஓர் ஓடையில்தான். அங்கே ஊரின் சாமி இருந்தது. கோயில் கிடையாது, இரண்டு பாறைகளும் அவற்றுக்கு நடுவே ஒரு கல்லும்தான்.

ஒருநாள் காலையில் என்னை மட்டும் அங்கே கூட்டிப்போனார். ஓடை தொடங்குமிடத்தில் செருப்பைக் கழற்றச் சொன்னார். உள்ளே வெயில் விழவில்லை. கொடி மரத்துக்கு மரம் தாவி, தொட்டில் கயிறு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அதன் காய்களைச் சுமாராக ஒரு கைப்பிடி பறித்து முந்தானையில் முடிந்தார். மீதியைத் தொடவில்லை.

திரும்பும்போது என் தோளில் தொங்கிய பையைப் பார்த்தார். "அம்மிணி, இத மட்டும் எழுதாதீங்க. எங்கூட்டு ஆம்பளையாளுகளே எல்லாரும் இங்க வரமாட்டாங்க."

"எழுத மாட்டேங்க அக்கா."

"சத்தியமா?"

"சத்தியமா" என்றேன். அவர் நீட்டிய கையில் அடித்தும் சொன்னேன்.

அன்று மாலை என் அறையில் உட்கார்ந்து எழுதினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அறிக்கைப் படிவத்தில் 'தாய்ச்செடி இருக்கும் இடம்' என்று ஒரு கட்டம் இருந்தது; மற்ற எல்லாச் செடிகளுக்கும் அதை நிரப்பியிருந்தேன். இதற்கு மட்டும் வெற்றாக விட என் மனம் ஒப்பவில்லை. பரீட்சையில் ஒரு கேள்வியை எழுதாமல் விட்டு வருவது மாதிரி இருந்தது. ஊற்றிலிருந்து எத்தனை எட்டு, எந்தப் பலாமரத்தில் திரும்ப வேண்டும், இரண்டு பாறைகள் எப்படி இருக்கும் என்று படமே வரைந்தேன். அழகான படம். நிழலுக்குப் பென்சிலால் கோடு கூடப் போட்டேன்.

அடுத்த கோடைக்குள் நகரத்தில் ஒரு கருத்தரங்கு வைத்தார்கள். அக்காவையும் அழைத்துவரச் சொன்னார் பேராசிரியர். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் இறங்கி முடிவதற்குள் அக்கா நாலு தடவை வாந்தி எடுத்தார். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். புதுச் சேலை கட்டியிருந்தார்; அதன் கரையில் பட்டுவிட்டதே என்றுதான் வழியெல்லாம் வருத்தப்பட்டார்.

மண்டபத்தில் அவரை மேடைக்கு ஏற்றிச் சால்வை போர்த்தினார்கள். கையில் ஒரு தொட்டிச்செடியைக் கொடுத்தார்கள், போட்டோவுக்காக. அது வெளிநாட்டு அலங்காரச் செடி. அக்கா அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கூட்டத்தில் ஒருவர் எழுந்து, விலங்குகளின் எச்சத்திலிருந்து விதை எடுப்பதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். அக்கா வாயைத் திறந்தார். அதற்குள் பேராசிரியர் ஒலிபெருக்கியைத் தன் பக்கம் இழுத்து, "அவங்களுக்கு இதை விளக்கத் தெரியாது, நான் சொல்றேன்" என்று பத்து நிமிஷம் பேசினார். நாங்கள் கண்டுபிடித்தோம், நாங்கள் கவனித்தோம், நாங்கள் சோதித்தோம். 'நாங்கள்' என்பதில் மேடையில் தொட்டியைப் பிடித்தபடி நின்றவர் இல்லை என்பது கேட்ட எல்லோருக்கும் புரிந்தது. முன்வரிசையில் ஒரு பெண்மணி பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து, "அந்தக் கையோட தானே சாப்பிடுவாங்க?" என்று சொல்லி முகத்தைச் சுளித்தாள். என் கைகளை நான் மடியில் மறைத்துக்கொண்டேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

பிறகு அக்காவைக் கீழே இறக்கி என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். விளக்கை அணைத்துத் திரையில் படங்கள் காட்டினார்கள். சரிவு வந்தது, மூன்று துண்டுகள் வந்தன, கன்றுகள் வந்தன. அதற்கடுத்து என் படம் வந்தது. சுவர் அளவுக்குப் பெரிதாக. ஊற்று, பலாமரம், இரண்டு பாறைகள்.

அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் பாறைகளைத் தெரியாதா? என் முழங்கையைப் பிடித்தார்.

"அம்மிணி. அது நம்ம ஓடதானுங்களே?"

"இல்லீங்க அக்கா. அது வேற இடம்."

அவர் கையை எடுத்துக்கொண்டார். படம் மாறும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாட்டில் ஒரு வாய் கூட அவர் தொடவில்லை. பஸ்ஸில் குமட்டியதால் வயிறு சரியில்லை என்று எல்லோரிடமும் நான்தான் காரணம் சொன்னேன். எவ்வளவு சரளமாக வந்தது எனக்கு.

அந்தக் கருத்தரங்கில் அறிக்கையின் நகல்களை வாசலில் ஒரு மேசையில் அடுக்கி வைத்திருந்தார்கள். வந்தவர் போனவரெல்லாம் எடுத்துக்கொண்டு போனார்கள். அது யார் கைக்குப் போயிற்று என்று எனக்குத் தெரியாது, இன்றுவரை தெரியாது. இரண்டு மாதம் கழித்து, ஊர் முழுக்கப் மலையிலேயே பக்கத்து நாட்டுத் திருவிழாவுக்குப் போயிருந்த இரண்டு நாட்களில், யாரோ ஆட்களோடு வந்து ஓடைக்குள் இறங்கியிருந்தார்கள்.

நான் போய்ப் பார்த்தேன். செருப்பைக் கழற்றவேண்டிய இடத்திலேயே நாற்றம் அடித்தது. கொடிகளை அரிவாளால் வெட்டித் தள்ளிவிட்டு, கடப்பாரை போட்டு வேரைப் பெயர்த்திருந்தார்கள். ஆளுயரக் குழிகள், இருபது இருபத்தைந்து இருக்கும். குழி தோண்ட இடைஞ்சலாக இருந்த மரங்களின் வேர்களையும் கொத்தியிருந்தார்கள். வெட்டிய கொடியெல்லாம் கருத்து அழுகி, அதன்மேல் ஈ மொய்த்தது. பிளாஸ்டிக் கவர்கள், பிராந்தி பாட்டில்கள், பரோட்டா கட்டிவந்த காகிதம். சாமிக் கல்லில் கடப்பாரையைத் தீட்டிய கோடுகள். இரண்டு பாறைகளில் ஒன்றின் மறைவில் மலம் கழித்திருந்தார்கள், ஒரு ஆள் இல்லை, பல ஆட்கள். மரநாயும் கரடியும் போட்டதை இரண்டு வருஷம் கையால் பிசைந்தவள் நான். இதைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். வாந்தி வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மலைமேல் கடைத்தெருவுள்ள செம்மேட்டுக்குப் போய்ப் பொதுத் தொலைபேசியிலிருந்து பேராசிரியரைக் கூப்பிட்டேன். முழுவதும் கேட்டார். "அடடா" என்றார். பிறகு, "நம்மகிட்ட விதை இருக்கு இல்லம்மா? தரவும் இருக்கு. அப்புறம் என்ன?" என்றார்.

"சார், அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வந்திருக்காங்க."

"அப்படியெல்லாம் நாமளே சொல்லிக்கக் கூடாது. நிரூபிக்க முடியாது." பிறகு குரலில் ஒரு சுறுசுறுப்பு வந்தது. "ஒண்ணு பண்ணு. அந்தக் குழியெல்லாம் நல்லா போட்டோ எடுத்து வை. சேதத்தைக் காட்டினா அடுத்த கட்டத் திட்டத்துக்கு ரொம்ப உதவியா இருக்கும்."

போனை வைத்த கையைத் துப்பட்டாவில் துடைத்தேன். ஆனாலும் மறுநாள் காமிராவை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனேன் என்பதுதான் உண்மை. சொன்னதைச் செய்து பழகிவிட்ட உடம்பு. ஆறேழு படம் எடுத்த பிறகு, குழி பெரிதாகத் தெரிய வேண்டும் என்று மண்டியிட்டுக் கோணம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது பின்னால் அக்கா நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கையில் விளக்குமாறும் ஒரு சாக்கும்.

"எடுத்து முடிங்க. முடிச்சாத்தான் நான் கூட்ட முடியுமுங்க."

நான் அழத் தொடங்கினேன். நான்தான் எழுதினேன், நான்தான் வரைந்தேன், மண்டபத்தில் பொய் சொன்னேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"அன்னிக்கே தெரியுமுங்க" என்றார் அக்கா. "நீங்க சொல்றீங்களான்னு பாத்துட்டு இருந்தேன். எங்கிட்டச் சொல்லி என்ன? ஊர்ல வந்து சொல்லுங்க."

ஊர் கூடியது. பலாமரத்தடியில் நாற்பது பேர் இருக்கும். நான் நின்றுகொண்டு சொன்னேன். அடிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் சத்தம் போடவில்லை. ஊருக்குத் தலைவரான ஊர்க் கவுண்டர் மட்டும், "என்னென்ன எழுதுனீங்களோ அத்தனையும் படிங்க. நாங்க கேக்கோணும்" என்றார்.

என் நோட்டுகள் மொத்தம் ஒன்பது. இரண்டு பகல் முழுவதும் படித்தேன். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். என் எழுத்தை அவர்கள் காதில் கேட்டபோதுதான் அது எவ்வளவு கேவலமாக இருந்தது என்று எனக்கே தெரிந்தது. 'தகவலாளி நான்கு இந்த வேரை இடித்துத் தருவார்.' 'தகவலாளி நான்கு மழை வருவதை எறும்பைக் கொண்டு கணிக்கிறார். இந்த நம்பிக்கை சரிபார்க்கப்படவில்லை.'

அக்கா இடைமறித்தார். "அந்த நாலு யாருங்க?"

"நீங்கதானுங்க அக்கா."

"ஒண்ணும் ரெண்டும் மூணும்?"

அப்படி யாரும் இல்லை. ஒரே ஒருவரிடம் கேட்டோம் என்று தெரிந்தால் நன்றாக இருக்காது என்பதற்காக நான்கிலிருந்து தொடங்கச் சொல்லியிருந்தார் பேராசிரியர். அதையும் சொன்னேன். கூட்டத்தில் ஒரு கிழவர் சிரித்துவிட்டார். அவருடைய சிரிப்புத்தான் எனக்கு எல்லாவற்றையும்விட வலித்தது.

படித்து முடித்ததும் ஒன்பது நோட்டுகளையும் வாங்கிக்கொண்டார்கள். நிறுவனத்தின் ஜீப் இனி ஊருக்குள் வரக்கூடாது என்றும், சரிவை இனித் தாங்களே பார்த்துக்கொள்வது என்றும் முடிவாயிற்று. என்னைப் பற்றி நீண்ட நேரம் பேசினார்கள். கடைசியில் ஊர்க் கவுண்டர் சொன்னார்: "நீங்க வரலாமுங்க. நோட்டு வரக் கூடாது."

அடுத்த நாளே வேலையை விட்டேன். பேராசிரியர் ஒரு கடிதம் போட்டார்: உணர்ச்சிவசப்படுவது ஆராய்ச்சியாளருக்கு அழகில்லை, உன் எதிர்காலத்தை நினைத்துப் பார். கட்டுரை அடுத்த வருஷம் அச்சில் வந்தது. என் பெயர் இரண்டாவதாக இருந்தது. எடுத்துவிடச் சொல்லி எழுதியிருந்தேன்; எடுக்கவில்லை. படமும் அதில் இருந்தது. பென்சில் நிழலோடு.

அந்த வருஷம் முழுவதும் சனி ஞாயிறுகளில் மலையேறினேன். ஓடையில் குழிகளை மூடினோம். பள்ளத்திலிருந்து கூடையில் மண் சுமந்து கொண்டுவந்து கொட்டி, மேலே சருகு பரப்பி, முள் அடுக்கினோம். ஊர்ப் பெண்கள் என்னோடு பேசினார்கள், சாப்பாடு போட்டார்கள். அக்கா பேசவில்லை. எதை எங்கே போட வேண்டும் என்பதைக் கையால் காட்டுவார். ஒரு ஐப்பசியில், மழை பிடித்துக்கொண்டு பாறை இடுக்கில் ஒதுங்கி நின்றபோது, "உங்கப்பாரு சௌக்கியமுங்களா?" என்று கேட்டார். பதினான்கு மாதம் கழித்து என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது. முதல்முதலாக ஓடைக்குப் போன அன்று முந்தானையில் முடிந்துகொண்ட காய்களை எங்கேயெல்லாம் ஊன்றினார் என்று நான் ஒருபோதும் கேட்கவில்லை. அவர் அந்த வேலைக்குப் போகும்போது நான் ஊற்றங்கரையிலேயே உட்கார்ந்திருப்பேன்.

பிறகு எனக்கு ராசிபுரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. கல்யாணமும் ஆயிற்று. மலைக்குப் போவது மாதம் ஒருமுறை, பிறகு வருஷத்துக்கு மூன்று நான்கு முறை என்று குறைந்தது. மலைமேல் சுற்றுலாவுக்கென்று வந்த வாசலூர்பட்டிப் படகுத்துறைக்கு வேன் வேனாக ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சரிவில் நாவல் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டது. உண்ணிப் புதர், அக்கா சொன்னபடியே, நிழல் விழுந்த இடங்களில் செத்துக்கொண்டிருந்தது. ஊற்று சித்திரை வரைக்கும் நின்றது. அதைச் சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும்.

சில வருஷம் கழித்து ஒரு மாலை, பள்ளி விட்ட நேரத்தில், ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். இருபத்துநான்கு வயதிருக்கும். அதே நிறுவனம். பேராசிரியர் ஓய்வுபெற்றுவிட்டார் என்றும், இப்போது புதியவர்கள் புதிய திட்டம் போட்டு, ஊருக்கு மரியாதையாகக் கடிதம் கொடுத்து, அனுமதி வாங்கி, மறுபடி தொடங்கியிருக்கிறார்கள் என்றும் சொன்னாள். கட்டுரையில் என் பெயரைப் பார்த்திருக்கிறாள். நல்ல பெண். எது செய்தாலும் ஊரைக் கேட்டுத்தான் செய்கிறோம் மேடம் என்று இரண்டு தடவை சொன்னாள்.

"அந்த அக்கா எங்ககிட்ட ரொம்ப நல்லா பேசறாங்க. எங்க பட்டியல்ல சில செடியோட பேரு புத்தகத்துல எங்கேயும் இல்ல. நீங்க பாத்தா தெரியும்னு வந்தேன்" என்று நோட்டைத் திறந்து படித்தாள். "செவலைக் கொடி. நிழல்ல படரும், மண்ணைப் பிடிக்கும். கோணக்கொம்பி, இது முள்செடி. மயிலைப்பூண்டு, காய்ச்சலுக்கு."

செவலையும் கோணக்கொம்பியும் மயிலையும் அக்கா வீட்டு ஆடுகள். மூன்றையும் எனக்கு நன்றாகத் தெரியும். கோணக்கொம்பி ஒருதரம் என் துப்பட்டாவைத் தின்றிருக்கிறது. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு காப்பித் தம்ளரை வாயில் வைத்தேன்.

அவள் நாலைந்து பெயர்களைத் தாண்டி ஒரு பெயரைப் படித்தாள். அது என் பெயர். என் முழுப்பெயர், பின்னால் 'தழை' என்று சேர்த்து. "இது ஓடையோரம் வர்றது. பாக்க நல்லா இருக்கும், கசக்கினா பொறுக்க முடியாத நாத்தம் அடிக்கும்னாங்க. உங்க பேருதானே மேடம்? உங்க ஞாபகமா வெச்சிருப்பாங்க போல." சந்தோஷமாகச் சொன்னாள்.

நான் தம்ளரைக் கீழே வைத்தேன்.

"எல்லாம் சரிதானே மேடம்?"

அவள் நேர்மையானவள்தான். இந்தப் பட்டியலை நம்பி அவள் விதை தேடி அலைவாள், சரிவைத் துண்டு பிரித்துக் கயிறு கட்டுவாள், இரண்டு வருஷம் வீணாகும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் பேனா மூடியைக் கழற்றிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்" என்றேன்.

அவள் அதையும் எழுதிக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டு வரை கூடவே போய், சேந்தமங்கலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.